போனுக்கு ஒரே ஓட்டை

ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்பது எங்க வீட்டில் பாட்டுக் கேட்கிற சாமான் மட்டும் இல்ல. லயத்தில் இருப்பது ஒரு காம்பராவும் இஸ்தோப்பும்தான். தம்பிக்கு இந்த வருஷம் உயர்தரம், பதிவு செய்த பாடங்களை ராத்திரியில்தான் கேட்பான். அம்மா விடியப் பெரட்டுக்குப் போகணும். ஒருத்தர் படிக்கும்போது இன்னொருத்தர் தூங்க அந்த வயர் வேணும்.

மாமா வாங்கித் தந்த புதுப் போனில் 3.5 மி.மீ. ஓட்டை இல்லை. கீழே டைப்-சி மட்டும். மாத்தளை டவுனில் ஒரு கடையில் கன்வெர்ட்டர் கேட்டேன். "எல்லா போனுக்கும் போகும் தங்கச்சி" என்றார் கடைக்காரர். போகத்தான் செய்தது. சத்தம் மட்டும் போன் ஸ்பீக்கரிலேயே வந்தது.

விஷயம் இதுதான். பழைய ஓட்டையில் போனே சத்தத்தை மின் அலையாக்கி அனுப்பிவிடும், வயர் அதைக் காதுக்குக் கொண்டுவந்தால் போதும். சில போன்கள் டைப்-சி வழியாகவும் அப்படியே அனுப்பும். அதுக்கு வெறும் வயர் கன்வெர்ட்டர் சரி. மற்ற போன்கள் டிஜிட்டல் தரவை மட்டும்தான் வெளியே விடும். அதைச் சத்தமாக மாற்ற கன்வெர்ட்டருக்குள்ளேயே டி.ஏ.சி. என்ற சின்னச் சிப் இருக்கணும். வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி! அதனால கடையிலேயே உங்க போனில் மாட்டி, ஒரு பாட்டுப் போட்டுக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்க. சில போன்களில் செட்டிங்ஸில் ஓ.டி.ஜி.யையும் ஆன் செய்யணும்.

2016இல் ஐபோன் 7இலிருந்து அந்த ஓட்டையை எடுத்தபோது ஆப்பிள்காரர்கள் அதைத் 'துணிச்சல்' என்றார்கள். அதே மேடையில் வயரில்லாத ஏர்பாட்ஸையும் காட்டினார்கள். யாருடைய காசில் துணிச்சல் என்று கேட்கத் தோணுது. புளூடூத் வாங்கினா அதுக்கும் தனியா சார்ஜ் போடணும். எங்க காம்பராவில் ப்ளக் பாயின்ட் ஒண்ணுதான்.

சிப் உள்ள கன்வெர்ட்டரைப் பிறகு கண்டியில் வாங்கினேன், பாடம் கேக்குது. ஆனா சார்ஜும் அதே ஓட்டைதான். பேட்டரி இறங்கிட்டா பாடமா சார்ஜா என்று தம்பி முடிவெடுக்கணும்.

ரேடியோவும் போச்சு. போனில் எஃப்.எம். கேட்க ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயர்தான் ஆன்டெனா. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினப்போ, சிக்னலும் விட்டு விட்டு வந்தப்போ, அம்மாவின் பட்டன் போனில் வயரைச் சொருகித்தான் செய்தி கேட்டோம். புதுப் போனில் எஃப்.எம். ஆப்பே இல்லை. பட்டன் போனை அம்மா யாருக்கும் கொடுக்கிறதா இல்ல.