நானும் ஒரு சைக்கிளும்

ஆம்ஸ்டர்டாமில் உத்தியோகம் பார்க்கும் என் பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த ஊரைத் தன்னந்தனியாகச் சைக்கிளிலும் நடையிலும் சுற்றினாளாம். அங்கே மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகமாம். டெலிபோனில் அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "வயசுப் பெண் தனியாகவா?" என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

"நீ உன் ஊரையாவது தனியாச் சுத்தியிருக்கியாம்மா?" என்றாள். போனை வைத்தவள்தான், பத்து நாளாகப் பேச்சே இல்லை.

அந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்தது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஸ்ரீரங்கம். வயசு அறுபத்திரண்டு. காவேரிக்கு என்றால் மாமியாரோடு, கடைக்கு என்றால் இவரோடு, மலைக்கோட்டைக்கு என்றால் விருந்தாளிகளோடு. தனியாகப் போன இடம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை!

ஒரு வியாழக்கிழமை காலை, இவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பையனின் சைக்கிளை இரவல் வாங்கினேன்.

"எங்கே கிளம்பறே?"

"தெரியாது. சாயங்காலம் வந்துடுவேன்."

பேப்பருக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

1977-ல், பதினாலு வயசில், அண்ணாவின் சைக்கிளில் உத்திர வீதியைச் சுற்றியவள் நான். பெரியவளானதும், "இனிமேல் வேண்டாம்" என்றார் அப்பா. அதோடு சரி. அப்போது தெற்கு வாசலில் நின்றது மொட்டைக் கோபுரம். அஹோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயரின் முயற்சியால் அது 13 நிலை ராஜகோபுரமாகி 1987-ல் கும்பாபிஷேகம் கண்டது. கோபுரம் வளர்ந்தது; என் சைக்கிள்தான் நின்றுபோயிற்று.

சித்திரை வீதித் திருப்பத்தில் ஒரு பசுமாடு குறுக்கே வர, தொப்பென்று விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. பூக்காரி ஓடி வந்து தூக்கிவிட்டாள். சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை, மறுபடி ஏறிவிட்டேன்.

காவேரிப் பாலத்தில் மட்டும் தைரியம் வரவில்லை. 1976-ல் திறந்த பாலம். பஸ்ஸும் லாரியும் உராய்ந்துகொண்டு போகின்றன. ஓரமாகத் தள்ளிக்கொண்டே கடந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிளை நிறுத்திவிட்டு, தெப்பக்குளம் வழியாக மலைக்கோட்டைக்கு நடை.

நானூறுக்கு மேற்பட்ட படிகள்! எட்டுத் தடவையாவது உட்கார்ந்திருப்பேன். "போகலாமா?" என்று அவசரப்படுத்த யாரும் இல்லை. மேலே மகேந்திர பல்லவன் குடைந்த கோவிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. நதிகளில் பிரியமுள்ள சிவபெருமான் காவேரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பயந்து, பார்வதி பிறந்தகத்தை விட்டு இந்த மலையிலேயே தங்கிவிட்டாளாம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு காவல்! என் பெண்ணை நினைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது.

உச்சியிலிருந்து பார்த்தால் காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். நான் அறுபத்திரண்டு வருஷம் குடியிருந்த ஊர் உள்ளங்கையால் மறைத்துவிடும்படி இருந்தது.

இறங்கி வந்து ஹோட்டலில் நுழைந்ததும், "எத்தனை பேர்ம்மா?" என்றான் பையன். "ஒருத்திதான்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. விரலைக் காட்டினேன். ஆனால் அந்த ரவா தோசையை நிதானமாக, ஆறுவதற்கு முன்பே, முழுசாகச் சாப்பிட்டேன். கல்யாணமான பிறகு இது எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள்!

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றியிருந்தது. இவர் சாதம் வடித்திருந்தார். கஞ்சியா சாதமா என்று தெரியவில்லை. முழங்காலைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் தேங்காய் எண்ணெயைக் கொண்டு வந்தார்.

ராத்திரி நானே பெண்ணுக்குப் போன் செய்தேன். மாடு, பாலம், பார்வதி எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் வெகு நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டாள்:

"பிரேக் நன்னாப் பிடிக்கிறதாம்மா?"