பச்சை டீசல்

டானா ஃபிரெஞ்சின் ‘தி சர்ச்சர்’ 2020இல் வந்த நாவல். சிகாகோவில் போலீஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கால் ஹூப்பர், மேற்கு அயர்லாந்தில் ஆர்ட்னகெல்டி என்ற கற்பனைக் கிராமத்தில் பாழடைந்த வீடு ஒன்றை வாங்கிக் குடியேறுகிறான். காணாமல்போன அண்ணன் பிரெண்டனைத் தேடித் தரச் சொல்லி, ட்ரே என்ற பிள்ளை அவன் வாசலில் வந்து நிற்கிறது. கதை மெதுவாகப் போகிறது என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படியொரு ஊரில் வளர்ந்த எனக்கு அது கொஞ்சம் அவசரமாகவே பட்டது.

2000களின் தொடக்கத்தில் இந்திய நர்சுகள் நிறையப் பேர் அயர்லாந்துக்குப் போனார்கள். அம்மாவும் போனாள். மேயோ மாவட்டத்தில், வேலைக்குக் காரில் போய்வரும் தூரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஊர் வாய்த்தது. எதிரே கார் ஓட்டிவரும் விவசாயி ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார், வணக்கம் அவ்வளவுதான். மளிகைக்கடையும் தபாலாபீசும் ஒன்று. அம்மாவுக்கு எந்த வாரம் நைட் டியூட்டி என்று எனக்கு முன்னால் கடைக்கார அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். குளிர் தொடங்கியதும் வாசலில் டர்ஃப் மூட்டை கிடக்கும். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிய மண்கட்டிகள், அடுப்பெரிக்க. யார் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

ஒரு வசந்தத்தில், பக்கத்துப் பண்ணைத் தொட்டியிலிருந்து டீசல் திருடு போனது. வரி குறைந்த விவசாய டீசலுக்கு அங்கே பச்சைச் சாயம் கலப்பார்கள், சாதாரண வண்டியில் ஊற்றினால் பிடித்துவிடலாம் என்று. விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார், இடுப்பில் துப்பாக்கி இல்லாமல். வீட்டுக்கு வீடு தேநீர் குடித்தார். வீட்டுக்கு வீடு மழையையும் கன்றுக்குட்டி விலையையும் கேட்டுக்கொண்டு போனார்.

“யார் எடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியாதாம்மா?”

“எல்லாருக்கும் தெரியும். நீ வாயை மூடிட்டு இரு.”

எனக்கும் தெரியும். பள்ளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்காருகிற பெரிய பையனின் சட்டைக் கைநுனியில் அந்தப் பச்சையைப் பார்த்திருந்தேன். அவன் அப்பா முதுகொடிந்து படுத்திருந்ததும் ஊரறிந்த சங்கதி. பையன் அதன்பின் பஸ்ஸில் வரவில்லை. இங்கிலாந்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். டீசல் தொட்டி ஒரு ராத்திரியில் தானாக நிரம்பியிருந்தது.

போலீஸ்காரர் எங்கள் கேட்டிலும் நின்றார். குனிந்து, “நீ ஏதாவது பார்த்தியா கண்ணு?” என்றார். சாயங்காலம் மழை வரும்போல இருக்கு என்றேன். அவர் வானத்தைப் பார்த்து, ஆமாம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது ரோட்டில் ஈ காக்கை கிடையாது.

மறுநாள் கடையில் சாக்லேட்டுக்குக் காசு நீட்டினேன். கடைக்கார அம்மாள் காசைத் திருப்பித் தள்ளிவிட்டு, இன்னொரு சாக்லேட்டையும் எடுத்து வைத்தாள்.