ஆற்றில் போட்ட பொன்

சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார் என்பது புராணம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடினாரே என்று உலகம் இன்றுவரை சிரிக்கிறது. ஆனாலும் அவருக்குப் பொன் கிடைத்துவிட்டது. என் சிநேகிதர் ஒருவரும் இதே விருத்தாசலத்துக்காரர்தாம். இருபத்திரண்டு வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தில் போட்டதை இப்போது தேடுகிறார். அவருக்கு எந்தக் குளம் என்று இன்னும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அவர் தமிழ் ஆசிரியர். தபால் மூலம் படிக்கும் மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகம் கேட்டபடி பாடங்கள் எழுதிக் கொடுத்தார். அவை அச்சாயின, மறுபடி மறுபடி அச்சாயின. இரண்டாம் பதிப்பில் அவர் பெயரைக் காணோம். ஓய்வு பெறும் வருஷம், அவற்றையும் தம் வகுப்புக் குறிப்புகளையும் சேர்த்துப் புத்தகமாகப் போட நினைத்தார். "பாத்தியதை எங்களுடையது, அனுமதி பெற வேண்டும்" என்றார்கள். அனுமதி கேட்டு மனுப் போட்டார். பதில் வரவில்லை. ஞாபகமூட்டும் கடிதத்துக்கும் பதில் இல்லை.

அவரும் நானும் அவருடைய தம்பியின் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தோம். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். அதைச் சொல்லிக் கொடுக்க அரசினர் கல்லூரியே இருக்கிறது. தம்பி கொலு பொம்மை செய்கிறவர். பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுகிறார். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் ஓடுபோல் படிகிறது. நடுவில் மிச்சமுள்ள கூழைத் திருப்பிக் கொட்டிவிடுகிறார். சற்று நேரம் காயவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார்!

"இந்தப் பிள்ளையார் யாருடையது, தம்பி?" என்று கேட்டேன்.

"அச்சு என்னுது சார். மூல உருவம் செஞ்சது எங்கிட்ட வேலை பார்த்த ஆசாரி. கூலி வாங்கிட்டாரு. இப்ப ஊரெல்லாம் இதே பிள்ளையார்தான்."

சட்டத்துக்கு இதில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. இப்படி ஓர் உருவம் 'வடிவமைப்பு' என்ற இனத்தில் சேர்ந்து, பதிவு செய்யத் தகுந்ததாக இருந்தும் பதிவு செய்யாமல், சொந்தக்காரரோ அவருடைய சம்மதம் பெற்றவரோ தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் எடுத்துவிட்டால், பதிப்புரிமை அதோடு தீர்ந்தது. ஐம்பத்தோராவது பிள்ளையாரோடு பாத்தியதை கரைந்து போகிறது. தம்பி இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அண்ணனுடைய சங்கதிக்கு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் பார்க்க வேண்டும். எழுதியவனே முதல் உரிமையாளன் என்றுதான் அது தொடங்குகிறது. அப்புறம் விதிவிலக்குகள். சம்பள வேலையில், அந்த வேலையின் பகுதியாகவே எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எஜமானருக்குச் சேரும். பத்திரிகை உத்தியோகஸ்தருக்கு மட்டும் கொஞ்சம் தயவு காட்டியிருக்கிறார்கள். பத்திரிகையில் போடுகிற உரிமை முதலாளிக்கு. மற்ற உரிமைகள் எழுதியவருக்கே. (புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் என்பதும், அவர் 'தினமணி'யில் சம்பளத்துக்கு உழைத்தவர் என்பதும் இந்த இடத்தில் எனக்கு ஏனோ ஞாபகம் வருகிறது.) வாத்தியார்களுக்கென்று தனியாக ஒரு வரி எழுதச் சட்டம் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே கேள்வி, "யாரிடம் வேலை பார்த்தாய்?" என்பதல்ல, "எந்த வேலைக்காக எழுதினாய்?" என்பதே. 1916-இல் லண்டன் பல்கலைக்கழக வழக்கில், கணக்குப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தவர்கள் பல்கலைக்கழகத்தின் சேவகர்கள் அல்ல, தாளின் உரிமை முதலில் அவர்களுடையது என்று நீதிபதி சொன்னார். அதைவிட ருசியானது 1952-இல் வந்த இன்னொரு இங்கிலாந்துத் தீர்ப்பு. ஒரு கணக்காளர், நிர்வாக ஆலோசனைக் கம்பெனி ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டே வெளியில் பிரசங்கங்கள் செய்தார். பிறகு எல்லாம் ஒரே புத்தகமாயிற்று. கம்பெனி வழக்குப் போட்டது. பிரசங்கங்கள் அவருடையவை, ஒரு வாடிக்கைக்காரருக்காகக் கம்பெனி அனுப்பி எழுதிய அத்தியாயம் மட்டும் கம்பெனியுடையது என்று தீர்ந்தது. ஒரே அட்டைக்குள் இரண்டு சொந்தக்காரர்கள்!

இதைச் சொன்னதும் சிநேகிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் வகுப்புக் குறிப்புகள்?" என்றார்.

"பாடம் நடத்துவது உங்கள் வேலை. அதைப் புத்தகமாக எழுதச் சொல்லி யாராவது உத்தரவு போட்டார்களா?"

"யார் போடுவார்கள்? ராத்திரி பத்து மணிக்கு மேல் என் சொந்தக் காகிதத்தில் எழுதியது, ஐயா."

எனக்கு அவர் பக்கம் வலுவாகவே படுகிறது. பணி நியமன உத்தரவிலோ பல்கலைக்கழக விதியிலோ வேறுவிதமாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அதை ஒரு வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டு எழுதிக் கொடுத்த தபால் பாடங்களின் நிலை அப்படியல்ல. அவை பல்கலைக்கழகத்தின் சொத்து என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் 57-வது பிரிவு ஒன்று இருக்கிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், 'இதை எழுதியவன் நான்' என்று கோரும் உரிமை ஆசிரியனை விட்டுப் போவதில்லை.

"பணம் போகட்டும், பெயரைக் கேட்கலாமா?" என்றார் சிநேகிதர். பெயரை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவர் மனசில் இத்தனை நாளும் அறுத்துக்கொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது.

தம்பி உள்ளே போய், பொம்மைக்குக் குறி போடும் சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தார். திண்ணையிலேயே கட்டைப் பிரித்தோம். கேட்டு எழுதியதற்குச் சிவப்பு, தாமாக எழுதியதற்கு நீலம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. நீலம்தான் அதிகம். சிவப்புப் பக்கங்களுக்காகப் புதிதாக ஒரு மனு எழுதினோம். முதல் பாராவில் அனுமதி, இரண்டாவது பாராவில் பெயர். இரண்டாவது பாராவை முதலில் போட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அப்படியே மாற்றி எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்தாயிற்று.