சோலைக்குள் எடுத்த படமும் திருத்துமேசையும்

ஆனைமலைச் சோலைகளிலும், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளிலும் எடுக்கப்படும் விலங்குப் படங்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளோடு திருத்துமேசைக்கு வருகின்றன. ஒன்று நிறச்சாயல், அதாவது படம் முழுவதன் மீதும் ஏதேனும் ஒரு நிறம் படிந்து மற்ற நிறங்களைத் திரித்துவிடுவது. மற்றொன்று இரைச்சல், தொழிலில் இருப்போர் நாய்ஸ் என்றே சொல்லும் இது, ஒளி போதாத பகுதிகளில் மணல் தூவியதுபோலப் பரவிக் கிடக்கும் புள்ளிகளைக் குறிக்கும். இவை தனித்தனிக் குறைகளாகத் தோன்றினாலும், ஒன்றைத் திருத்தும் கை மற்றொன்றை வளர்த்துவிடும் என்பதை இவ்வேலையில் பழகியவர்கள் நன்கு அறிவர்.

இலைகள் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு பச்சையை மிகுதியாக வெளிவிடுவதால், அடர்ந்த மரக்கவிகையின் கீழே அமர்ந்திருக்கும் சிங்கவால் குரங்கின் மீது விழுகிற ஒளியே பச்சை கலந்ததாக இருக்கிறது. இன்றைய கேமராக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் ஒளியுணரி, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, தன் புள்ளிகளில் பாதியைப் பச்சைக்கும் கால்பங்கு வீதம் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒதுக்கியிருக்கிறது. ஆகவே சோலைக்குள் சிவப்புக்கும் நீலத்துக்கும் உரிய புள்ளிகள் எண்ணிக்கையிலும் குறைவு, அவற்றுக்குக் கிடைக்கும் ஒளியும் குறைவு. பச்சைச் சாயலை நீக்குவது என்றால் இவ்விரு நிறங்களின் அளவைப் பெருக்குவது என்றே பொருள். பெருக்கும்போது அவற்றில் மறைந்திருந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது ஒரு விழுக்காடு; 100 துகள்களே விழுந்தால் அது 10 ஆகி, பத்து விழுக்காடாக உயர்ந்துவிடும். கரிய உரோமம் கொண்ட விலங்கை நிழலில் எடுத்த படத்தில் இரைச்சல் புள்ளிகள் முதலில் உடலிலேயே தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

கோவையில் இவ்வேலை நடக்கும் ஓர் அறையில் சுவர்கள் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன, சன்னலுக்குக் கனத்த திரை தொங்குகிறது, கணினித் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கலரிமீட்டர் என்னும் சிறு கருவி மேசையிலேயே கிடக்கிறது. திருத்துபவர் முதலில் ஒயிட் பேலன்ஸைத் தொடுகிறார். படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி ஒளியின் நிறத்தை ஈடுசெய்யும் அமைப்பு இது. இதில் இரண்டு அச்சுகள் உண்டு. கெல்வினில் அளக்கப்படும் வெப்பநிலை, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகர்வது. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 என்றால் திறந்தவெளி நிழல் 7000ஐத் தாண்டும். டின்ட் எனப்படும் மற்றது பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நகர்வது. புதிதாக வருவோர் முதல் அச்சோடு நின்றுவிடுகிறார்கள். சோலைப் படத்துக்கு வேண்டியதோ பெரும்பாலும் இரண்டாவது.

காட்டுமாட்டின் படம் ஒன்று திரைக்கு வந்தபோது, அருகில் இருந்த உதவியாளர் அதன் முழங்காலுக்குக் கீழுள்ள வெளிர்ப்பகுதியை வெள்ளையெனக் கொண்டு நிறம்தேர் கருவியை அங்கே வைத்ததும், படம் முழுவதும் நீலம் பூத்தது. அந்தக் கால்கள் தூய வெள்ளை அல்ல, மஞ்சள் கலந்தவை. விலங்கை அறியாத கண்ணுக்கு மென்பொருள் துணைசெய்யாது. மூத்தவர் அதை மாற்றிவிட்டு, படமெடுத்தவரிடம் தொலைபேசியில், “அந்த நேரத்துல வெயில் இருந்துச்சாண்ணே, மூடாப்பா?” என்று கேட்டுக்கொண்ட பிறகே மேலே சென்றார். விலங்கின் வயிற்றுப்புறம் இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளியையும் முதுகு வானத்து ஒளியையும் வாங்குவதால், ஒரே திருத்தம் முழு உடலுக்கும் பொருந்துவதில்லை. உடலின் பகுதிகளை மட்டும் தனியே பிரிக்கும் மாஸ்க் வழியாகவே பச்சை குறைக்கப்படுகிறது. படம் முழுவதிலும் பச்சையை எடுத்துவிட்டால் இலைகள் பழுப்பேறி, மழைக்காடு கோடைக்காடாகிவிடும். அந்தப் பச்சையில் ஒரு பங்கு காட்டின் உண்மை. அதை விட்டுவைப்பதே இவ்வேலையில் மிகக் கடினமான முடிவு.

இரைச்சலிலும் இரு வகை உண்டு. சிவப்பும் பச்சையுமாகச் சிதறும் நிற இரைச்சலை நீக்குவது எளிது, ஏனெனில் நுண்ணிய நிறவேறுபாட்டை மனிதக் கண் அவ்வளவாகப் பிரித்தறிவதில்லை. லைட்ரூம் மென்பொருள் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த கலப்பற்ற மூலத்தைத் திறக்கும்போது, நிற இரைச்சலுக்கு 25 என்ற அளவைத் தானே வைத்துக்கொண்டு, வெளிச்ச வேறுபாடாகத் தெரியும் ஒளிர்வு இரைச்சலைத் தொடாமல் விடுவது இதனால்தான். ஆனால் அந்த அளவையும் மிகையாக ஏற்றினால் சிறிய நிறப்பகுதிகள் கரைந்துவிடும். பெரிய இருவாச்சியில் ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெளிர்நிறம். தொலைவில் எடுத்த படத்தில் சில புள்ளிகளே கொண்ட அச்சிவப்பு மங்கினால், பறவையின் பாலை அறியும் அடையாளமே போய்விடுகிறது. ஒளிர்வு இரைச்சலை அழுத்தித் துடைத்தாலோ பிடரிமயிர் மெழுகாகிறது. அப்படிப்பட்ட படத்தைவிடப் புள்ளிகள் தெரியும் படமே மேலானது. கருப்பு வெள்ளையில் காட்டைப் பதிந்த மா. கிருஷ்ணன் (1912–1996) போன்றோர் காலத்தில் பிலிமின் வெள்ளித்துகள் படத்தோடு பிறந்ததாகவே ஏற்கப்பட்டது.

2023இல் லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் முதலிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இரவெல்லாம் செய்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. கூலிக்குப் படம் திருத்துவோருக்கு இது பெரிய ஆறுதல். எனினும் அவை தாம் பயின்ற இலட்சக்கணக்கான படங்களிலிருந்து உரோமத்தையும் இறகையும் ஊகித்து வரைபவை என்பதால், மூலத்தில் இல்லாத இழைகள் தோன்ற இடமுண்டு. ஆகவே கோவை அறையில் அக்கருவியின் வலிமை பாதிக்கும் கீழே வைக்கப்பட்டு, திருத்திய படம் மூலத்துக்கு அருகே 100 விழுக்காடு பெரிதாக்கி ஒப்பிடப்படுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியின் இறுதிச் சுற்றுகளில் மூலக் கோப்பு கேட்கப்படுவதால், அதை அழிக்காமல் வைத்திருப்பது தொழிலின் கட்டாயமும் ஆகிவிட்டது. கடைசியாக அச்சுப்படி எடுத்துப் பார்க்கிறார்கள். திரையில் உறுத்திய புள்ளிகளில் பாதி, தாளில் மை பரவும்போதே அடங்கிவிடுவதால், அங்கே தெரியாத இரைச்சலை மேலும் துடைக்க அவர்கள் முயல்வதில்லை.