ஐந்து தோட்டா... ஐந்து விரல்!

கல்லூரி என்.சி.சி முகாமில் முதன்முதலாகத் துப்பாக்கி சுட்ட நாளில் நான் நடுங்கியது சத்தத்துக்காக அல்ல. காணாமல்போன ஒரு காலித் தோட்டாவுக்காக.

பாயின்ட் 22 ரைஃபிள், 25 மீட்டர் தூரம், ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் பித்தளை உறைகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். என்னிடம் நான்குதான் இருந்தன. வெயிலில் புல்லைத் துழாவி, கடைசியில் ஐந்தாவது என் பூட்ஸுக்கு அடியிலேயே கிடைத்தது. 'இத்தனூண்டு பித்தளைக்கு இவ்வளவு அக்கப்போரா?' என்று எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சல் ஜவ்வாதுமலையில்தான் தீர்ந்தது.

சாமை அறுவடையை வீடியோ எடுக்க ஜமுனாமரத்தூர் பக்கம் போயிருந்தோம். எங்களுக்கு டீ கொடுத்த பெரியவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"காட்டுப்பன்னிக்காக நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தேன் கண்ணு. மருந்து எல்லாம் கை அளவுதான். ஒருநா கூடிப்போச்சு, குழலே வெடிச்சிருச்சு" என்றார். போலீஸ் ஒப்படைக்கச் சொன்னபோது, வீட்டிலிருந்த இன்னொரு துப்பாக்கியையும் கொடுத்துவிட்டாராம்.

நாட்டுத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகவே போடுவார்கள். பித்தளை உறையே கிடையாது. என் ஐந்து தோட்டா கதையைச் சொன்னேன்.

"சுட்ட குப்பிய வெச்சு என்னத்தப் பண்றது?" என்று கேட்டார்.

அமெரிக்காவில் ராணுவம் ஒருமுறை சுட்டுக் கழித்த ரைஃபிள் உறைகளை வாங்கி மறுபடி நிரப்புவது பலருக்குப் பொழுதுபோக்கு. சுடும்போது விரிந்த உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, விரிசல் இருக்கிறதா என ஒவ்வொன்றாகப் பார்த்து, மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுவார்கள். அளவு தப்பினால் அங்கேயும் துப்பாக்கி வெடிக்கும். நம் நாட்டில் உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

நான் தேடிய பாயின்ட் 22 உறையை அப்படி நிரப்பும் வழக்கம் இல்லை. ஆனால், ஐந்து உறையும் திரும்பினால்தான் ஐந்தும் சுடப்பட்டதற்கு அத்தாட்சி. ஒன்று குறைந்தால், சுடாத தோட்டா ஒன்று யார் பையிலாவது போயிருக்கலாம்.

பெரியவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "எங்களுக்கும் யாராச்சும் அளந்து, எண்ணிக் குடுத்திருந்தா அஞ்சு விரலும் இருந்திருக்கும்."

"இப்ப பன்னி வந்தா என்ன பண்ணுவீங்க தாத்தா?"

"தகரத்தைத் தட்டிக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருக்கோம். வேற என்ன பண்றது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.