உத்தரவாதக் கடிதம் இன்னும் வரவில்லை

சிங்கப்பூரில் வேலையிடத்தில் அடிபட்டவருக்குச் சட்டம் தருவதைக் காகிதத்தில் படித்தால் குறை சொல்ல அதிகம் இருக்காது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019இல் புதிதாக எழுதப்பட்டு, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. யார் தப்பு என்று அது கேட்பதில்லை. வேலை நேரத்தில், வேலையால் அடிபட்டதா என்பதுதான் கேள்வி. உடலுழைப்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் முதலாளி காப்புறுதி எடுத்தாக வேண்டும். மருத்துவச் செலவு, விடுப்புக்காலச் சம்பளம், ஊனம் தங்கிவிட்டால் ஒரு மொத்தத் தொகை என மூன்றும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவின் உச்சவரம்பு 45,000 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 53,000 வெள்ளியாகக் கூடியிருக்கிறது.

அப்படியும் சைட்டில் முட்டி பிசகிய பையன் எம்ஆர்ஐ எடுக்க மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறான்.

*

அவன் காத்திருப்பது ஒரு காகிதத்துக்காக. உத்தரவாதக் கடிதம், தொழிலாளர் வாயில் ‘எல்ஓஜி’. இவருக்கு ஆகும் செலவு எங்கள் பொறுப்பு என்று கம்பெனி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பது. அவசரப் பிரிவில் இது இல்லாமலே பார்த்துவிடுவார்கள். எக்ஸ்ரே, கட்டு, வலி மாத்திரை எல்லாம் ஆகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிற ஸ்கேன், அறுவை சிகிச்சை, பிசியோதெரபியில்தான். கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் வேண்டும். வேலை அனுமதி அட்டையில் இருப்பவருக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது. நாளுக்கு 20 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவர், ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனே தீராமல் இருப்பவர், முன்பணத்துக்கு எங்கே போவார்?

*

பணம் கட்டும் கவுன்ட்டர் பக்கத்தில் காதில் விழுந்தது. பையனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். போனின் மறுமுனையில் இருந்த சூப்பர்வைசரும் நம்மூர்க்காரர்தான்.

“அண்ணே, ஆஸ்பத்திரியில லெட்டர் கேக்குறாங்கண்ணே.”

“பாஸ்கிட்ட சொல்லியிருக்கேன் தம்பி.”

“போன தடவையும் அதத்தானண்ணே சொன்னீங்க.”

“இன்சூரன்ஸ்காரன் இன்னும் ஓகே சொல்லலையாம். நான் என்னடா பண்றது? டாக்டர்கிட்ட வேற தேதி வாங்கிக்க.”

வேற தேதி வாங்கிக்கொண்டான். ஆறு வாரம் தள்ளிக் கிடைத்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். ஆனால் ஒத்திவைத்த காரணம் என்று அவர் தட்டச்சு செய்தது: நோயாளியின் வேண்டுகோள்.

பின்னால் வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டப்போவது இந்த ஒரு வரியைத்தான். வலி உண்மையாக இருந்தால் இவர் ஏன் ஸ்கேனைத் தள்ளிப்போட்டார் என்று கேட்பார்கள்.

*

சட்டப்படி இந்தத் தாமதத்துக்கு இடமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

விபத்து வேலையில் நடந்ததா, விடுதியில் நடந்ததா என்று காப்புறுதி நிறுவனம் ஆராயட்டும். அது அதன் வேலை. வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு எடுப்பது பற்றி இன்னொரு சட்டம் இருக்கிறது. வேலை அனுமதி அட்டைக்காரரின் மருத்துவச் செலவு முதலாளியைச் சேர்ந்தது என்று அது சொல்கிறது. சாரத்திலிருந்து விழுந்தாலும் குடல்வால் வீங்கினாலும் அந்தப் பொறுப்பு ஒன்றுதான். ஆக, ‘கேஸ் முடியட்டும், பிறகு ஸ்கேன் பார்க்கலாம்’ என்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

பிறகு எங்கே முடிச்சு விழுகிறது? இந்த இரண்டாவது சட்டத்தின்படி முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000. பெரிய உயர்வுதான். ஆனால் அது மருத்துவமனையில் படுப்பதற்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும்தான். 2022இல் வந்த அடிப்படை மருத்துவத் திட்டமோ காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பொது மருத்துவரோடு நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு பள்ளம்: வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேன், நிபுணரைப் பார்க்கும் கட்டணம், பிசியோதெரபி. விபத்துக் காப்புறுதிக்காரர் சரி என்று சொல்லும்வரை இவையெல்லாம் முதலாளியின் கைக்காசு. முட்டியும் முதுகும் தோளும் மாட்டிக்கொள்வது சரியாக இந்தப் பள்ளத்தில்தான். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடும். ஜவ்வு கிழிந்தால் எம்ஆர்ஐ வேண்டும். அது எடுக்காதவரை ‘ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே நடக்கிறான்.’

*

கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. இழப்பீட்டுச் சட்டத்தில் மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி அல்லது விபத்து நடந்து ஓராண்டு, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். ஓராண்டை எண்ணுவது விபத்து நாளிலிருந்து; ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அல்ல, காப்புறுதிக்காரர் ஒத்துக்கொண்ட நாளிலிருந்தும் அல்ல. விடுப்புச் சம்பளமும் அப்படியே. வெளிநோயாளி விடுப்பு முதல் 14 நாளும் மருத்துவமனை விடுப்பு முதல் 60 நாளும் முழுச் சம்பளம், அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் அந்த ஓராண்டுக்குள்.

எட்டு மாதம் சச்சரவில் போனால் அறுவை சிகிச்சைக்கும் அதற்குப் பின்னான பயிற்சிக்கும் மிஞ்சுவது நாலே மாதம். மறுப்புக் கடிதம் எழுதினால் அதை எதிர்த்து மேலே போகலாம். பதிலே எழுதாமல் இருந்தால் எதை எதிர்ப்பது? விவரம் தெரிந்த கம்பெனிகள் அதனால்தான் ‘இல்லை’ என்று சொல்வதேயில்லை.

*

எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, பற்றி. முன்பு மூன்று நாளுக்கு மேல் மருத்துவ விடுப்புக் கொடுத்தால்தான் விபத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் என்று கோடு போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஞானதிருஷ்டி தேவையில்லை. இரண்டு நாள் எம்சி, பிறகு லைட் டியூட்டி. சூப்பர்வைசர் காரிலோ லாரியிலோ ஏற்றிக் கம்பெனிக்கு வேண்டிய கிளினிக்குக்குக் கொண்டுபோவார். மருத்துவர் அறைக்குள் கூடவே வந்து உட்கார்ந்து, வலியைக்கூட அவரே மொழிபெயர்ப்பார்.

2020 செப்டம்பர் முதல் அந்தக் கோடு அழிந்தது. ஒரு நாள் எம்சி ஆனாலும், லைட் டியூட்டி என்று எழுதினாலும் தெரிவிக்க வேண்டும். லைட் டியூட்டி நாட்களுக்கும் சராசரி வருமானத்தை வைத்தே சம்பளம். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த திருத்தம் இதுதான், ஏமாற்றுவதில் இருந்த லாபத்தையே எடுத்துவிட்டது.

2016இல் வந்த ஒரு தீர்ப்பையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். கையில் அறுவை சிகிச்சை முடிந்த கட்டுமானத் தொழிலாளிக்கு இரண்டே நாள் விடுப்புக் கொடுத்துவிட்டு இலகு வேலைக்குத் தகுதி என்று எழுதியிருந்தார் ஒரு மருத்துவர். ஒழுங்கு விசாரணைக் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. மருத்துவ மன்றம் மேல்முறையீடு செய்தது. மூன்று நீதிபதிகள் அமர்ந்த அமர்வு அதைப் புரட்டி, அவரை ஆறு மாதம் தொழிலிலிருந்து விலக்கிவைத்தது. அந்த ஆளுக்கு உண்மையிலேயே ஓய்வும் இலகு வேலையும் கிடைக்குமா என்று விசாரித்தறிவது மருத்துவரின் கடமை என்றது நீதிமன்றம்.

*

‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்.’ எத்தனை பேர் இந்த ஒரே குளியலறையில் விழுந்திருக்கிறார்கள்! கம்பெனி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நீட்டிய தாள், கீழே தமிழில் கையெழுத்து. கூட நின்று பார்த்தவனிடம் சாட்சி கேட்டால், ‘எனக்கும் பெர்மிட் புதுப்பிக்கணும் அண்ணே’ என்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

கம்பெனிகளின் பக்கம். துணை ஒப்பந்தத்துக்குத் துணை ஒப்பந்தமாக எடுத்துப் பத்துப் பேரை வைத்து நடத்துகிற சின்ன முதலாளிக்கு ஒரு ஸ்கேன் செலவே கை கடிக்கும். கட்டுமானத்தில் பாதுகாப்பு மீறல்களுக்குக் குற்றப்புள்ளி உண்டு. 18 மாதத்தில் 25 புள்ளி சேர்ந்தால் வெளிநாட்டு ஆள் எடுக்கத் தடை. அதனால் விபத்து என்ற சொல்லே அலுவலகத்தில் பயத்தைக் கிளப்புகிறது. ஊரில் பட்ட பழைய முதுகுவலியை இங்கே பட்டதாகச் சொல்பவரும் இருக்கலாம், இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் அதே ஸ்கேன்தானே வேண்டும்? பழைய தேய்மானமா புதுக் கிழிசலா என்று சொல்லப்போவது மருத்துவர். சந்தேகம் இருக்கிறவன் அல்லவா முதலில் ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டும்!

*

ஒரு கணக்கு. 35 வயதுக்காரர். ஓவர்டைம் சேர்த்து மாதச் சராசரி 800 வெள்ளி. நிரந்தர ஊனத்துக்கு அந்த வயதில் பெருக்கும் எண் 181. பெருக்கினால் 144,800. ஊனம் 5 சதவீதம் என்றால் 7,240 வெள்ளி.

கம்பெனி ஓவர்டைமை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டினால் 520. பெருக்கினால் 94,120. இது சட்டம் வைத்த அடிமட்டமான 116,000க்குக் கீழே போவதால் 116,000ஐயே எடுப்பார்கள். 5 சதவீதம் 5,800. வித்தியாசம் 1,440 வெள்ளி. டைம் கார்டைப் போட்டோ எடுத்து வைக்காததன் விலை இது.

விபத்து நடந்து ஆறு மாதத்திலிருந்து ஊனத்தை மதிப்பிடலாம். அறுவை சிகிச்சையே நடக்காத முட்டியை மதிப்பிட்டால் சதவீதம் ஏறத்தான் செய்யும். ஸ்கேனில் மிச்சம் பிடித்த காசைக் காப்புறுதிக்காரர் வேறு கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார். முட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

*

கம்பெனி பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால் அடிபட்டவர் கையில் ஸ்பெஷல் பாஸ். பொதுவாக வேலை பார்க்க முடியாது, கேஸ் முடியும்வரை நாட்டில் இருக்கலாம். விடுதியில் இருக்கப் பயந்து தேக்கா பக்கம் படுக்க இடம் தேடுவார்கள். கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் டிடபிள்யூசி2 என்கிற தொண்டமைப்பு 2008 முதல் இவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. பணக்கார நகரத்தில் காப்புறுதியும் சட்டமும் இருந்தும் ஒரு தொண்டமைப்பு சோறு போட வேண்டியிருப்பது யாருக்கும் பெருமை தராது.

*

மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ பெரம்பலூரிலோ இதைப் படிக்கிறவர்களுக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் இன்றைக்குப் போனில் பேசும்போது இதையும் சொல்லிவையுங்கள். அடி பலமாகப் பட்டால் 995க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வந்ததற்குப் பதிவு இருக்கும், லாரிக்கு இருக்காது. எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி என்று முதல் மருத்துவரிடமே சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க சூப்பர்வைசர் வேண்டாம், மருத்துவமனையில் ஆள் கேட்கலாம். கடிதம் வராமல் தேதி தள்ளிப்போனால், ‘கம்பெனி கடிதம் தரவில்லை’ என்றே பதியச் சொல்லி, அந்தத் திரையையோ சீட்டையோ படம் எடுத்துக்கொள்ள வேண்டும். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். விமான நிலையத்துக்கே கொண்டுபோய்விட்டாலும் குடிநுழைவு அதிகாரியிடம் ‘கேஸ் இருக்கிறது’ என்று சொல்லலாம். இழப்பீடு கோர அவகாசம் விபத்து நாளிலிருந்து ஓராண்டு.