கணக்குக் கேட்பவர் யார்?

கொழும்பில் கணிதம் கற்பிப்பவன் நான். வரவையும் செலவையும், வட்டியையும் தவணையையும் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வருகிறேன். ஆயினும் கணக்கு என்னும் சொல்லின் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியவர் பாடநூலாசிரியர் எவருமல்லர். இடியப்பம் அவித்து விற்ற ஒரு தாய்.

அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். சில நாட்களாகப் பாடசாலைக்கு வராதிருந்த அவனைத் தேடி, அக்குடும்பம் புதிதாகக் குடியேறியிருந்த தொடர்மாடிக்கு ஒரு மாலையிற் சென்றேன். முன்னர் அவர்கள் வாழ்ந்தது நகரின் நடுவே ஒரு தோட்டத்தில். கொழும்பிலே தோட்டம் என்றால் பூவும் கொடியும் அல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளின் வரிசை. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. மழை பெய்தால் வாசலில் வெள்ளம். அத்தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

மகனைப் பற்றிப் பேசி முடித்தபின், அவன் எழுதி எஞ்சிய பழைய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து அந்தத் தாய் என் முன் வைத்தார்.

“சேர், நீங்க கணக்குப் படிப்பிக்கிறவர்தானே? இதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. எங்கயோ பிழை இருக்கு. எத்தனை தரம் கூட்டினாலும் மாசக் கடைசியில சரிவருதில்ல.”

பார்த்தேன். கூட்டலிற் பிழையில்லை. செலவுப் பக்கத்தில் வீட்டுத் தவணை, மின்சாரம், தண்ணீர், மகனின் பஸ் காசு. வரவுப் பக்கத்தில் கணவரின் நாட்கூலி மட்டும். முன்னைய பக்கங்களில் ‘இடியப்பம்’ என்று நாள்தோறும் எழுதப்பட்டிருந்த வரவு, வீடு மாறிய நாளோடு நின்றுவிட்டது. தெருவோர வாசலில் அடுப்பு வைத்து விற்றவர் ஆறாம் மாடியில் யாருக்கு விற்பார்? பிழை அவருடைய கூட்டலில் இல்லை. அவரை இடம்மாற்றத் திட்டமிட்டவர்கள் இந்த வரவை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை, அதுவே பிழை.

கொப்பியில் வீடு மாறிய நாளுக்குரிய பக்கத்தைத் திருப்பிய அவர், மெல்லிய குரலிற் கேட்டார்:

“அன்னைக்கு லொறிக் கூலிய நாங்க குடுத்தோம். தெரு முழுக்க வந்து நின்ன பொலிஸ்காரங்களுக்கு யார் சேர் சம்பளம் குடுத்தது?”

இக்கேள்வியை யாரிடம் கொண்டுசெல்வது? நகரின் காரியமாகையால் மாநகர சபையே இதற்கு மறுமொழி கூற வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. நாம் சோலைவரி செலுத்துவது அச்சபைக்கு. வாக்களித்து ஆட்களை அனுப்புவதும் அதற்கே. ஆனால் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் வீதி உண்டு, வடிகால் உண்டு, குப்பை உண்டு, நூலகமும் மருந்தகமும் உண்டு; பொலிஸ் இல்லை. நகரை இடித்துக் கட்டும் பெருந்திட்டமும் அதன் கையில் இல்லை.

நகர சபைகளுக்கான சட்டமும் பொலிஸ் கட்டளைச் சட்டமும் இந்நாட்டில் 1865ஆம் ஆண்டில் ஒன்றாகவே பிறந்தவை. ஒன்று நகரத்தார் தம் அலுவல்களைத் தாமே பேசித் தீர்ப்பதற்கு; மற்றையது நகரத்தாரை ஒழுங்கில் வைத்திருப்பதற்கு. பிற்காலத்தில் முன்னையதற்குப் பதிலாக 1947இல் புதிய சட்டம் வந்தது. பின்னையது பல திருத்தங்களோடு இன்றும் நிலைத்திருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் பொலிஸ் அதிகாரத்தில் ஒரு பங்கை மாகாணங்களுக்கு எழுத்தில் வழங்கியது. நடைமுறையில் அது வந்து சேரவேயில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையோ 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதுவும் மத்திய அரசின் கீழ் உள்ளது.

2010இல் அந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2015 தொடக்கம்வரை அவ்வாறே இருந்தது. 2013வரை பொலிஸும் அதே அமைச்சின் கீழேயே இருந்தது. வீடு கட்டுவதும் வீட்டை இடிப்பதும் காவல் நிற்பதும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2010 மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில், படையினரும் பொலிஸாரும் சூழ்ந்து நிற்க, வீடுகள் இடிக்கப்பட்டதை இந்நகரம் மறக்கவில்லை. அதே ஆண்டிற் கலைக்கப்பட்ட மாநகர சபைக்கு 2011 ஒக்டோபரிலேயே மீண்டும் தேர்தல் நடந்தது. நகரின் 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை இடம்மாற்ற வேண்டியவர்களாகக் கணித்த பெருந்திட்டம் உருப்பெற்ற காலத்தில், கேள்வி கேட்க வேண்டிய ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 2023 மார்ச் முதல் 2025 மே வரையும், தேர்தல் தள்ளிப்போடப்பட்டமையால், அவ்வாசனங்கள் மீண்டும் வெறுமையாயின.

நியாயமாகவும் பேச வேண்டும். பழைய தோட்டங்கள் சுவர்க்கங்களல்ல. ஒரு கழிப்பறைக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் அவற்றின் பெருமையை எவரும் பாட முடியாது. தொடர்மாடியில் தமக்கெனக் குளியலறை கிடைத்ததை அந்தத் தாயும் மகிழ்ச்சியோடுதான் காட்டினார். நல்ல வீடு வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லவில்லை. எவருடைய நிலம் எவருடைய கைக்குப் போகிறது, எந்த விலைக்கு, எவருடைய சம்மதத்தோடு என்பதே வினா. பழைய வீட்டை இழந்த பல குடும்பங்கள் புதிய வீட்டுக்கென 10 இலட்சம் ரூபாவை நீண்ட தவணைகளிற் செலுத்துமாறு கேட்கப்பட்டன. காலியான நிலத்தின் விலை எவருடைய வரவில் எழுதப்பட்டது?

பாராளுமன்றம் இருக்கிறதே, கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறாரே என்பீர்கள். உண்மை. அதிகார சபையின் கணக்கை அவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அக்கணக்காய்வு பெரும்பாலும் காசு செலவான பின்னரே வருகிறது. பொலிஸ் செலவோ நாடு முழுவதற்குமான ஒரே தலைப்பினுள் அடங்கிவிடுகிறது. ஒரு தெருவில் ஒரு காலையில் நின்ற காவலின் செலவை அதற்குள் எங்கே தேடுவது? கொழும்பு நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்துக்கென ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019இல் 20 கோடி அமெரிக்க டொலர் கடனை அங்கீகரித்தது. பீஜிங்கில் உள்ள வங்கிக்குத் தன் கடனின் கணக்கைக் கேட்க வழியுண்டு. அந்தத் தெருவாசிகள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினருக்கு இல்லை.

இங்கே நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. குடியிருப்போரிடம் முன்கூட்டியே கேட்டு, விளக்கி, இழப்பை ஈடுசெய்து, சம்மதம் பெற்றிருந்தால் அத்தெருவுக்குப் பொலிஸ் வேண்டியிருந்திராது. ஆகவே அன்றைய காவற் செலவு பாதுகாப்புச் செலவன்று. சம்மதம் பெறாமையின் விலை. அந்த விலை திட்டத்தின் கணக்கிலே சேராதவரை, பலவந்தம் எப்போதும் மலிவானதாகவே தோன்றும். பேச்சுவார்த்தை வீண் தாமதமாகவே தோன்றும். எனவே ஒரு செங்கல்லைத் தொடுமுன் மூன்று கணக்குகள் நகர சபையின் மேசைக்கு வரவேண்டும்: நிலத்தின் விலை, குடியிருப்போர் இழக்கும் பிழைப்பு, பலப்பிரயோகத்தின் செலவு. அவற்றைப் பகிரங்கமாக ஆராயும் அதிகாரம் சபைக்கு வேண்டும். அதுவரை நமக்குக் கிடைத்துள்ள சிறு கருவி 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதும் ஆசிரியர் தொழிலின் பகுதியே.

அன்று மாலை அந்தத் தாய்க்கு நான் சொன்ன மறுமொழி இவ்வளவே: “நீங்களுந்தான் அம்மா குடுத்தீங்க. சீனி வாங்கேக்க, சவர்க்காரம் வாங்கேக்க, போனுக்கு அட்டை போடேக்க வரி கட்டுறீங்கதானே, அதிலயிருந்துதான்.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து, “அப்ப அதையும் செலவுப் பக்கத்தில எழுதோணும். எவ்வளவு சேர்?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். ‘பொலிஸ்’ என்று எழுதி, தொகைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொப்பியை மூடினார். கணித ஆசிரியனாகிய என்னால் அன்று நிரப்ப முடியாத அவ்விடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்பும் பொறுப்பு அந்தத் தாயினுடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.